புது ஏர்பிரஷ் வந்த வீடு

வர்ணம் ஊதுகிற பழைய ஏர்பிரஷ் சுவரில் போய் மோதியபோது அவள் பக்கத்து அறையில் ஒரு கல்யாண உடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் அதோடு நிற்கவில்லை. அடுத்து நாற்காலி போனது. அதற்கும் அடுத்து, முட்டை ஓடுகளை மிதித்த மாதிரி சின்னதாக ஒரு நொறுங்கல். அதைக் கேட்டதும்தான் அவள் தைப்பதை நிறுத்தினாள். நாற்காலிக்கு வேறு கால் போட்டுக்கொள்ளலாம். நொறுங்கியது, நான்கு மாதமாக அவள் கணவர் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்த பிளாஸ்டிக் போர் விமானம்.

உடனே ஓடவில்லை. எட்டு வருஷக் குடித்தனத்தில் கற்றுக்கொண்டது அது. உள்ளே ஏதாவது பறந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்ட பிறகு போனால் போதும். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அவள் போனபோது அவர் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். பாதி முகத்தில் சாம்பல் நிற வர்ணம். வலது கை முட்டியில் ரத்தம். விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று விரலிடுக்கில் செருகிக்கொண்டு நின்றது. சுவரில் காரை பெயர்ந்து ஒரு குழி. அதற்கு நேர் கீழே ஏர்பிரஷ் கழுத்து ஒடிந்து கிடந்தது.

"துப்புது, டெய்லரம்மா," என்றார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்த பிள்ளையின் குரல். "மெல்லிசா ஒரு கோடு கேட்டா மூஞ்சில துப்புது."

அவள் சின்னச் சின்ன பாகங்களைப் பிடித்து ஒட்ட அவர் வைத்திருந்த இடுக்கியை எடுத்து, முட்டியில் குத்தியிருந்த பிளாஸ்டிக் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் 'ஸ்ஸ்' என்று முகத்தைச் சுளித்தார். ஒரு மனுஷனின் காதைச் செவிடாக்கிய கைக்கு இது இவ்வளவு வலிக்குமா என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அந்தக் காது விஷயம்தான் கத்தி மாதிரி அந்த வீட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. லாரி பட்டறையில் அவரைப் 'பீரங்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், உதிரிப் பாகக் கிடங்கில் இருந்தவன் ஏதோ ஒரு சொல் சொன்னான். என்ன சொல் என்று பின்னால் கோர்ட்டில் கேட்டபோது இரண்டு பேருக்குமே சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் அந்த நேரம் அவர் கையில் சக்கரம் கழற்றுகிற ஸ்பானர் இருந்தது. அந்த ஆளுக்குக் கன்னத்து எலும்பு பிளந்தது. இடது காது இன்றுவரை கேட்பதில்லை. நீதிபதி இரண்டு வருஷம் ஜெயில் என்று எழுதிவிட்டு, ஒரு கெடு வைத்து அதை நிறுத்தி வைத்தார். கெடு முடிவதற்குள் கை நீட்டினார் என்று ஒரே ஒரு புகார் வந்தாலும் அந்த இரண்டு வருஷத்தையும் உள்ளே கழிக்க வேண்டும். இன்னும் ஏழு மாதம் பாக்கி. பிரசவத்துக்கு நாள் எண்ணுகிறவள் மாதிரி அவள் அதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கோர்ட் அனுப்பி வைத்த ஆலோசனைக்கார அம்மாதான், கை மெதுவாக வேலை செய்கிற மாதிரி ஏதாவது பழகுங்கள் என்று சொன்னார். மீன் வளர்ப்பதா, படம் வரைவதா என்று யோசித்துவிட்டு, ஒருநாள் அவர் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு விமானம், முந்நூறு துண்டுகளாக. விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே என்று அவள் கேலி செய்தாள். ஆனால் அந்த வாரக் கடைசியில் அவர் பல்லிடுக்கில் நாக்கை நீட்டிக்கொண்டு, நகம் அளவுகூட இல்லாத விமானி பொம்மைக்கு ஒற்றை முடியால் பெல்ட் வரைந்துகொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்தபோது அவளுக்குக் கேலி வரவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம், அந்த மனுஷன்மேல் அவளுக்கு இரண்டாவது தடவையாக ஆசை வந்தது. இதுதான் நிஜமான ஆள், மற்றதெல்லாம் அவர்மேல் வந்து இறங்குகிற ஏதோ ஒரு பிசாசு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது அவளுக்குத் தேவையாகவும் இருந்தது.

அவர் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. அதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வாள்.

அடித்ததெல்லாம் மற்றவர்களை. பட்டறையில் அந்தக் கிடங்குக்காரன். அதற்கு முன்னால் ஒரு பஸ்ஸில் யாரோ. வீட்டில் என்றால் தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். தனி ஆள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். லீவு நாள் வந்தால் சோற்றுக்கு அண்ணி வீடுதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன வருஷம், கேட்காமல் அண்ணனின் வெட்டுக் கத்தியை எடுத்துப் பென்சில் சீவிவிட்டு, திரும்ப மேஜை டிராயரில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் பார்த்துவிட்டார். டிராயரை ஓர் உதை உதைத்து மூடினார். இவன் கை உள்ளே இருந்தது. மோதிர விரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டது என்று அவள்தான் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக் விரல் லிஃப்டில் மாட்டாமல் வேறு எங்கே மாட்டும் என்று டாக்டர் சிரித்தார். தம்பியும் கூடச் சிரித்தான்.

வரும் வழியில் ஆட்டோவில் அவள் அழுதாள். அவனோ, கட்டுப் போட்ட விரலால் அவள் தோளைத் தட்டி, சின்ன வயசில் அப்பா பெல்ட்டை உருவும்போதெல்லாம் அண்ணன் தன்மேல் வந்து படுத்துக்கொள்வான் என்றும், அவன் முதுகு வாங்கியதற்கு இந்த விரல் ஒரு கணக்கா என்றும் சமாதானம் சொன்னான். அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்.

புது ஏர்பிரஷ் யோசனையும் அவனுடையதுதான். சுவரில் குழி விழுந்த மறுநாள், காரை பூச வந்தவன், ஒடிந்து கிடந்ததைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இதை வெச்சுக்கிட்டு புத்தரே பெயின்ட் அடிச்சாலும் யாரையாவது குத்திடுவாரு அண்ணி," என்றான். "அண்ணனை மாத்துறது நடக்கிற காரியமா? மெஷினை மாத்துவோம்."

இரண்டு பேருமாகச் சேர்ந்து மாடல் சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். பழையதை வாங்கிப் பார்த்து, இது பலூனுக்கு வர்ணம் அடிக்கிற சாமான் என்று ஓரமாக வைத்தார். அதில் விரலடியில் இருக்கும் குதிரை விசையை அழுத்தினால் காற்றும் வர்ணமும் ஒன்றாகக் கொட்டும். எவ்வளவு என்பது அதன் இஷ்டம். காற்றடிக்கும் மோட்டாரும் தொட்டி இல்லாதது, விக்கி விக்கித்தான் ஊதும். புதியதில் அப்படி இல்லை. குதிரையைக் கீழே அழுத்தினால் காற்று மட்டும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் வர்ணம். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுதான் வரும். கடைக்காரம்மா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தையல் நூல் அகலத்துக்கு ஒரே சீராக ஒரு கோடு, நடுவில் ஒரு இடத்திலும் பிசிறு இல்லை.

அவளுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு வேண்டும் என்பது கையில் இருக்கிறது. அது போதுமே அந்த மனுஷனுக்கு.

எல்லாம் நுனி ஊசியில்தான் இருக்கிறது என்றார் கடைக்காரம்மா. உள்ளே நீளமாக ஓர் ஊசி, பின்பக்கமாக உருவிக் கழுவ வேண்டும், துடைத்து அப்படியே திரும்பச் செலுத்த வேண்டும். நுனி முடியைவிட மெலிசு. அதை எதிலும் படவிடக் கூடாது.

"ஊசியைப் பத்தி எங்க அண்ணிக்கே சொல்றீங்களா," என்றான் தம்பி. "பதினெட்டு வருஷமா அதோடதான் குடும்பம்."

அடுத்து வந்த மூன்று மாதம் அந்த வீடு இதுவரை பார்க்காத மூன்று மாதம். அவர் மறுபடி அதே விமானத்தை வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். தொட்டி வைத்த புது மோட்டார் பூனை உறுமுகிற மாதிரி எப்போதாவது ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கும். மற்றபடி அந்த அறையிலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் வரும். முதல் வாரம் தாளில் கோடு போட்டே பழகினார். பட்டறையில் இருந்து வந்ததும் நகத்தழுக்குப் போகக் கை கழுவிவிட்டு நேராக மேஜைக்குப் போவார். ஒருநாள் அவள் தைத்துக்கொண்டிருந்த துணியின் மூலையில் ஒரு சிட்டுக்குருவி வரைந்து வைத்திருந்தார், கட்டை விரல் அளவில். துணி வாடிக்கையாளருடையது. அவள் திட்டிக்கொண்டே அந்த மூலையை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தினாள்.

ஏர்பிரஷை வேறு யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். அவளைத் தவிர. கழுவுவது அவள் வேலை. "என் கையைவிட உன் கை லேசு," என்று அவரே சொல்லி ஒப்படைத்திருந்தார். நடுவில் தம்பி வந்து, அண்ணே ஒரே ஒரு தடவை, என்று பல்லைக் காட்டினால், உன் ஒன்பது விரல் பத்தாதா என்று கேட்பார். ஜோக்தான். மூன்று பேரும் சிரிப்பார்கள். தம்பி சிரிக்கும்போது அந்த மோதிர விரலை மடக்கிக்கொள்வான்.

விமானம் முடிகிற கட்டம் வந்தது. அடுத்த வாரம் மாடல் செய்பவர்களின் சங்கத்தில் கண்காட்சி. அவர் பெயரைக் கொடுத்திருந்தார். அடி வர்ணமெல்லாம் முடிந்து, வயிற்றுப் பக்கம் வானத்து நீலம், முதுகுப் பக்கம் சாம்பல். இனி அந்தச் சாம்பலின்மேல் மேகம் மேகமாக, பட்டாணி அளவில் கரும்பச்சைப் புள்ளிகள் அடிக்க வேண்டும். ஓரம் கலைந்து கரைந்து போன மாதிரி இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். அதை ஞாயிற்றுக்கிழமை காலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தபோது தம்பி வந்தான். அவள் ஏர்பிரஷைக் கழுவப் போகிற நேரம். கிண்ணத்தில் கொஞ்சம் வர்ணம் மிச்சம் இருந்தது. கீழே கொட்டப் போகிறதுதானே அண்ணி என்று கெஞ்சினான். அவளுக்கும் அவன் ஆசை பாவமாக இருந்தது. பழைய செய்தித்தாளில் அவன் ஒரு கழுதை வரைந்தான், முதுகில் இரண்டு இறக்கையோடு. அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் அவர் நின்றார், தலையில் துண்டோடு.  உதட்டால் மட்டும் சிரித்தார். "வெச்சிட்டுப் போடா," என்றார். தம்பி வைத்துவிட்டுப் போனான்.

அவள் ஊசியை உருவினாள், துடைத்தாள். துடைத்த கையோடு கட்டை விரல் நகத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

யோசித்துச் செய்ததில்லை. பதினெட்டு வருஷமாக எந்த ஊசியைக் கையில் எடுத்தாலும் அவள் கை செய்கிற காரியம் அது. தையல் மெஷின் ஊசியின் முனை மழுங்கியிருக்கிறதா என்று நகத்தில் அழுத்தி இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். நல்ல ஊசி வழுக்கும், கெட்ட ஊசி கீறும். இது முதலில் வழுக்கியது, கடைசியில் கீறியது. நகத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அவள் ஒரு நொடி நின்றாள். வெளியே மணப்பெண் உடை அளவு பார்க்க வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நகம் சொரசொரப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஊசியை உள்ளே செலுத்தித் திருகை இறுக்கிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வெயில் தையல் அறைக்குள் பாதி வரை வந்திருந்தது. தம்பி தரையில் சம்மணம் போட்டு அவளுடைய மெஷினின் கால் மிதியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவள் துணி வெட்டும் மேஜையில் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவருடைய மோட்டார் உறுமி அடங்கியது. 'ஸ்ஸ்' என்ற சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அப்புறம் வரவேயில்லை.

அவள் சாக்குக் கட்டியைக் கீழே வைத்தாள்.

அவர் வந்தார். கையில் விமானம். இடது இறக்கையில், எச்சில் துப்பின மாதிரி கரும்பச்சைத் தெறிப்பு, இறக்கை நுனியிலிருந்து விமானி இருக்கைவரை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவர் கத்தவில்லை. விமானத்தை மெதுவாக அலமாரிக்கு மேலே வைத்தார். சக்கரம் வழுக்காமல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஊசி வளைஞ்சிருக்கு," என்றார் தம்பியைப் பார்த்து.

தம்பி நிமிர்ந்தான். அவனுக்கு இன்னும் புரியவில்லை. புரியாத நேரத்தில் அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. கழுதை ஏதாவது கடிச்சிருக்கும்."

முதல் உதை அவன் நெஞ்சில் விழுந்தது. உட்கார்ந்தபடியே பின்னால் போய்ச் சுவரில் தலை மோதினான். எழுந்திருக்கக் கை ஊன்றினான். அந்தக் கையை மிதித்தார். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி முகத்தில் குத்தினார், ஒருமுறை, மறுபடி. மூன்றாவது குத்தில் ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ரத்தம் அவள் வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியின் மேல் கோடு போட்டது.

"சொல்லு. சொல்லுடா. எத்தனை தடவை சொன்னேன்."

தம்பியால் சொல்ல முடியவில்லை. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர் அவன் தலையைப் பிடித்து மேஜை விளிம்பில் இடித்தார். பல் ஒன்று கத்தரிக்கோல் பக்கத்தில் வந்து விழுந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. லிஃப்ட் கேபிளை ஒற்றைக் கையால் இழுக்கிறவன், இரண்டு கையாலும் தலையை மட்டும் மூடிக்கொண்டு, பெல்ட்டுக்குக் கீழே படுத்த பழைய நாள் மாதிரி உடம்பைச் சுருட்டிக்கொண்டான். இந்தத் தடவை மேலே வந்து படுக்க அண்ணன் இல்லை, அண்ணன்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

அவள் நடுவில் பாய்ந்தாள். அவர் முழங்கையைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவர் அவளைப் பார்க்காமலேயே இடுப்பில் கை வைத்துத் தூக்கி ஓரமாக வைத்தார். தள்ளவில்லை, வைத்தார். அவள் கால் தரையில் பதிந்ததா என்று ஒரு கணம் நிதானித்துவிட்டுக் கையை எடுத்தார். திரும்பிப் போய் தம்பியின் விலாவில் உதைத்தார். இன்னொரு உதை. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கு இப்போது பழகிவிட்டிருந்தது.

கொன்றுவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் வாயைத் திறந்தால் அந்தக் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்தது. எட்டு வருஷமாக அவள் காப்பாற்றி வைத்திருந்த ஒரே ஒரு விஷயம், தன்னை அடித்ததில்லை என்பது, இன்றைக்கு முடியப்போகிறது. முடியட்டும்.

"வளைச்சது நான்," என்றாள்.

அவர் கால் பின்னால் போயிருந்தது.

"நேத்துக் கழுவும்போது நகத்துல இழுத்துப் பார்த்தேன். மெஷின் ஊசின்னு நினைச்சு கை தானா செஞ்சிடுச்சு. கீறுச்சு. தெரிஞ்சும் மாட்டிட்டேன். அவன் ஊசியைத் தொடவே இல்ல."

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நின்றாள். அடி விழவில்லை. கைகளை எடுத்துப் பார்த்தபோது அவர் காலைக் கீழே இறக்கியிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம், விளக்கை அணைத்த மாதிரி போய்விட்டிருந்தது. முட்டியிலிருந்து தம்பியின் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். சிரித்தார்கூட, கொஞ்சமாக.

"நீயா," என்றார். "சரி விடு, டெய்லரம்மா. ஊசிதானே. கடைக்காரம்மாகிட்ட வேற கிடைக்கும். அதுக்கு ஏன் இப்படி நடுங்குற?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். துணியின் மூலையில் குருவி வரைந்தவரின் குரல். எந்தப் பிசாசும் இறங்கிப் போகவில்லை. இவ்வளவு நேரம் உதைத்ததும் இதே ஆள்தான். விமானத்தைப் பத்திரமாக மேலே வைத்துவிட்டு வந்து அடித்தவர். அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போய் உதைத்தவர். ஒரு வார்த்தையில் நிறுத்த முடிந்தவர்.

அவள் நடுக்கம் நின்றுபோனது.

"உங்களால நிறுத்த முடியுது," என்றாள்.

அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. தம்பியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டேய், டேய், இங்க பாரு, என்று கன்னத்தைத் தொட்டார். தம்பி வாயிலிருந்து ரத்தமும் நுரையுமாக வந்தது. அவள் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முகவரியைச் சொன்னாள். குரல் ஏதோ கடைக்கு நூல் சொல்லி அனுப்புகிற மாதிரி இருந்தது. அதற்குள் அவர் ஒரு துணியை நனைத்து மேஜை விளிம்பைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். மாடிப்படியில் உருண்டான் என்று சொல்லிக்கொள்ளலாம், எண்ணெய்க் கையோடு ஏறினான், வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். நாலு மாசம்தானே, என்றார். நாலே மாசம் தாண்டிட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல. தரையில் கிடந்தபடியே தம்பி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான், சரி என்று.

அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இரண்டு பேர். குண்டாக ஓர் அம்மா, ஒல்லியாக ஒரு டிரைவர். அந்த அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து தம்பியின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், விலாவை அழுத்திப் பார்த்தார். எப்படி ஆச்சு என்று கேட்டார். படியில விழுந்துட்டான் என்றார் அவர். உண்மையான கவலையோடு சொன்னார். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. அந்த அம்மா அவருடைய கை முட்டியைப் பார்த்தார், அலமாரி மேலிருந்த விமானத்தைப் பார்த்தார், கடைசியாக இவளைப் பார்த்தார்.

"நீங்க பார்த்தீங்களாம்மா?"

கணவரும் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. முழு நம்பிக்கை. போன தடவை லிஃப்ட் கதவு என்று சொன்னவள்தானே. தரையிலிருந்து தம்பி கையை நீட்டி அவள் கணுக்காலைப் பிடித்து அழுத்தினான். வேண்டாம் என்கிற அழுத்தல்.

இரண்டு வருஷம். முன்கதவில் தொங்கும் அவருடைய சட்டை, அவள் ஊதி ஊதிச் சில்லு பிடுங்கிய அந்தக் கை, பல்லிடுக்கில் நீட்டிய நாக்கு. எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஒவ்வொன்றும் அவளுக்கு வேண்டியதாகத்தான் இருந்தது.

"பார்த்தேன்," என்றாள். "அண்ணன்காரர்தான் அடிச்சார். உதைச்சார். மேஜைல தலையை மோதினார். போன வருஷம் இவன் விரலை உடைச்சதும் அவர்தான். அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

 அவர் வாய் திறந்தது, மூடியது. முகத்தில் அந்த இறுக்கம் திரும்ப ஏறுவதை அவள் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்: முதலில் கழுத்து, பிறகு தாடை, பிறகு கண். வலது கை மடங்கியது. ஓர் அடி முன்னால் வந்தார். அவள் இந்தத் தடவை முகத்தை மூடவில்லை.

டிரைவர் ஸ்ட்ரெச்சரின் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவர் அவனைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். கை தானாகத் தளர்ந்து தொடையோரம் இறங்கியது.

"ஏன் இப்படிப் பண்ற," என்றார் மெதுவாக. "நான் உன்மேல ஒரு நாள் கை வெச்சிருக்கேனா?"

"இல்ல," என்றாள். "அதைத்தான் இன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டேன்."

போலீஸுக்குத் தகவல் போகும், அவர்கள் வரும்வரை அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள் என்று அந்த அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார். அவர் துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தார், ரத்தம் பட்ட துணியின்மேலேயே. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டபோது, எங்கே போகிறாய் என்று கேட்டார். தம்பிகூட என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டார். அவள் செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சரின் பின்னால் நடந்தாள். 

ஆம்புலன்ஸில் தம்பியின் தலைமாட்டில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். தாடை இரண்டு இடத்தில் விட்டிருக்கும் போல, ஆடக் கூடாது, இரண்டு பக்கமும் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா காட்டிக் கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டாள். தம்பியின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வீங்கி மூடப் போகிற இடது கண்ணிலிருந்து நீர் அவள் விரல்மேல் இறங்கியது. ஏதோ சொல்ல முயன்றான். அவன் தொண்டையிலிருந்து 'அண்' என்பது மட்டும் வந்தது. அண்ணனா, அண்ணியா, தெரியவில்லை.

"பேசாத," என்றாள் அவள். "எல்லாம் நான் பேசிக்கிறேன்."

வண்டி முதல் திருப்பத்தில் சாய்ந்தது. அவள் முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, அவன் முகம் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.